பழைய செங்கல் பண்ணை வீட்டை அளந்து வரைவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வயல்களுக்கு நடுவே நிற்கும் பழைய செங்கல் பண்ணை வீடுகளுக்கான வழிகாட்டி இது. சுமையை முழுக்கச் செங்கல் சுவரே தாங்கும். தளங்களும் கூரையும் மரம். தரைத்தளம், அதன்மேல் ஒரு மாடி, பின்னால் சமையலுக்காகச் சேர்த்த ஒரு பின்கட்டு. பெரும்பாலான வீடுகள் இந்த அமைப்பில்தான் இருக்கும்.

வேலை முடியும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியவை: இரண்டு தளப்படங்கள், நான்கு பக்கத் தோற்றங்கள், குறைந்தது ஒரு குறுக்குவெட்டு, எந்தப் பகுதி முதலில் எழுந்தது எது பின்னால் வந்தது என்று சொல்லும் ஒரு குறிப்பு. பழுதுபார்க்கப் போகிறீர்கள் என்றால் இவை இல்லாமல் கொத்தனாரை உள்ளே விடாதீர்கள்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். வாசலில் நின்றதுமே "இது இன்ன வருஷத்து வீடு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்புறம் பார்ப்பதெல்லாம் அந்த முடிவுக்குத் தோதாகவே கண்ணில் படும். அதனால் இந்த வழிகாட்டியில் காலத்தைக் கணிப்பது கடைசியில் வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

1. போகும் முன் தயார் செய்ய வேண்டியவை

வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கும்போது பரண், நிலவறை, வெளிக் கொட்டகை எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். வீட்டுக்குள் விட்டவர் பரண் கதவைத் திறக்கத் தயங்குவது சாதாரணமாக நடப்பது. பரண் இல்லாமல் இந்த வேலை பாதிதான்.

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் அளவைப் படிக்க, மற்றவர் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். தனியாக அளப்பவர் 3.67-ஐ 3.76 என்று எழுதினால் பிடித்துக் கொடுக்க ஆள் இல்லை.

கருவிகள்: 30 மீட்டர் எஃகு டேப், 5 மீட்டர் சின்ன டேப், லேசர் மீட்டர், தூக்குக்குண்டு, ரசமட்டம், குறைந்தது 15 மீட்டர் நீளமுள்ள தெளிவான டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்), நூல், சாக்கட்டி, நெற்றியில் மாட்டும் டார்ச், சிறிய முகக்கண்ணாடி, மெல்லிய எஃகு ஊசி, பென்சில், பெரிய தாள் வைக்க அட்டை. துணி டேப் வேண்டாம். இழுத்தால் நீளும், நனைந்தால் மாறும்.

முடிந்தால் இலை உதிர்ந்த பருவத்தில் போங்கள். கோடையில் கொடியும் புதரும் மறைக்கும் சுவர்தான் பெரும்பாலும் உங்களுக்கு வேண்டிய சுவராக இருக்கும்.

பாதுகாப்பு பற்றி மூன்று விஷயம். பண்ணை முற்றத்தில் பழைய கிணற்றைப் பலகை போட்டு மூடி, அதன்மேல் மண்ணும் புல்லும் படர்ந்திருக்கலாம்; தெரியாத பலகைமேல் கால் வைக்காதீர்கள். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். பரணிலும் மாடியிலும் பலகையின் ஆணி வரிசையைப் பார்த்து நடங்கள். ஆணி இருக்கும் கோட்டின் கீழேதான் சட்டம் ஓடுகிறது. ஆனால் சட்டத்தின் நுனி ஈரச் சுவருக்குள் மக்கிப்போயிருக்கலாம், அதனால் வெளிச்சுவரை ஒட்டி எடை போடாதீர்கள்.

2. டேப்பை எடுக்காமல் ஒரு சுற்று

முதலில் வீட்டை வெளியே இருந்து இரண்டு முறை சுற்றி வாருங்கள். ஒரு முறை பக்கத்தில், ஒரு முறை தூரத்தில். எதையும் அளக்க வேண்டாம்.

பார்க்க வேண்டியது தண்ணீரின் வழி. கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, இறவாரத்துக் குழாய் எங்கே உடைந்திருக்கிறது, நிலம் சுவரை நோக்கிச் சரிகிறதா, சுவரில் பச்சை படிந்த இடம் எது, உப்பு பூத்த இடம் எது. பின்னால் செங்கல் மாறியிருப்பதைப் பார்க்கும்போது அது பழுதுக்காக மாற்றிய இடமா, வாசலை அடைத்த இடமா என்று பிரிக்க இந்தக் குறிப்புதான் உதவும்.

முன்பக்கத்தில் அதிக நேரம் நிற்காதீர்கள். பண்ணைக்காரர்கள் கையிருப்பை முகப்பில்தான் செலவழித்தார்கள். நல்ல கல், நெருக்கமான மூட்டு, ஒரே அளவு ஜன்னல் எல்லாம் அங்கே. பின்சுவரிலும், கூரையின் முக்கோணத்தைச் சுமக்கும் கூம்புச் சுவர்களிலும்தான் மாற்றங்கள் மறைக்கப்படாமல் கிடக்கும்.

3. புகைப்படம்

ஒவ்வொரு பக்கத்தையும் நேர் எதிரே நின்று ஒரு படம், மூலையில் நின்று இரண்டு பக்கம் தெரிய ஒரு படம். சுவரோடு அளவுக்கோல் ஒன்றைச் சாய்த்து வைத்து எடுங்கள்.

காலையிலோ மாலையிலோ வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக விழும் நேரத்துக்கு இன்னொரு முறை வந்து எடுங்கள். நடுப்பகலில் தட்டையாகத் தெரிந்த சுவரில், சாய்ந்த வெளிச்சத்தில் வயிறு தள்ளியிருப்பதும் பழைய வாசலின் விளிம்பும் நிழலாக எழும்பும். உள்ளே டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் பூச்சின் அடியில் இருப்பதும் அதேபோல் தெரியும்.

4. கைப்படம் முதலில், அளவு பிறகு

ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தாள், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தாள். அளவில்லாமல், ஆனால் விகிதம் ஓரளவு சரியாக வரும்படி வரையுங்கள். தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் வீட்டைக் குறுக்கே வெட்டியதாக வைத்துக்கொண்டு தளப்படம் போட்டால் பெரும்பாலான ஜன்னல்கள் வெட்டில் அகப்படும்.

விகிதம் வர எளிய வழி செங்கலை எண்ணுவது. ஜன்னல் எத்தனை வரி உயரம், இரண்டு ஜன்னலுக்கு நடுவே எத்தனை கல் என்று எண்ணிப் போட்டால் படம் தானாக ஒழுங்காகிவிடும். அந்த எண்ணிக்கை பின்னால் உங்கள் அளவுகளைச் சரிபார்க்கவும் உதவும்.

கைப்படத்தைப் பெரிதாகப் போடுங்கள். தாளைக் கஞ்சத்தனமாக நிரப்பினால் அளவு எழுத இடம் இருக்காது. எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தாள், வீட்டுக்குத் திரும்பியதும் யாருக்கும் புரியாது.

5. சுற்றிலும் ஒரே மட்டக்கோடு

பலர் தாண்டிப் போகும் படி இது. உயரத்தைத் தரையிலிருந்து அளக்கிறார்கள். ஆனால் பண்ணை வீட்டைச் சுற்றி நிலம் சரிந்திருக்கும், உள்ளே தரைப்பலகை தொய்ந்திருக்கும். நான்கு பக்கமும் நான்கு வெவ்வேறு தரையிலிருந்து அளந்த உயரங்களை ஒன்றாகப் பொருத்தவே முடியாது.

டியூப் மட்டத்தால் வீட்டைச் சுற்றி வெளியே ஒரு கிடைக்கோடு குறியுங்கள். தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வசதி. செங்கலில் நிரந்தரமாக எதுவும் கீற வேண்டாம், சாக்கட்டியால் சின்னக் குறி போதும். அதே மட்டத்தை ஒரு வாசல் வழியாக உள்ளேயும் கொண்டு போய் ஒவ்வோர் அறையிலும் நிலையில் குறியுங்கள்.

டியூபில் தண்ணீர் நிரப்பியதும் முழு நீளத்தையும் கையில் எடுத்து, விரலால் தடவிக்கொண்டே காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு குமிழி சிக்கியிருந்தாலும் மட்டம் தவறும், அது தவறு என்று வெளியே தெரியாது. இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறை இடம் மாறும் முன்பும் இதைச் செய்யுங்கள். சொட்டு மை கலந்தால் தண்ணீரைப் படிப்பது எளிது. சுற்றி முடித்துத் தொடங்கிய குறிக்கே திரும்பி வரும்போது வித்தியாசம் 1 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மறுபடி செய்யுங்கள்.

இனி எல்லா உயரமும் இந்தக் கோட்டிலிருந்து மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு. நிலம், உள்தரை, ஜன்னல் அடி, ஜன்னல் தலை, இறவாரம் எல்லாமே. இதில் ஒரு விஷயம் உடனே வெளிப்படும்: வெளிநிலம் உள்தரையைவிட உயரமாக இருக்கும் இடங்கள். காலப்போக்கில் மண் ஏறியிருக்கிறது, ஓதத்துக்குப் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

6. வெளிச்சுற்று: துண்டு துண்டாக அளக்காதீர்கள்

டேப்பின் பூஜ்யத்தை ஒரு மூலையில் வைத்து, சுவர் முழுக்க நீட்டி, நகர்த்தாமல் ஒவ்வொரு விளிம்பையும் படியுங்கள். ஜன்னல் தொடக்கம் 1.24, முடிவு 2.19, அடுத்தது 3.86 என்று தொடர்ந்து போக வேண்டும்.

மூலையிலிருந்து ஜன்னல், ஜன்னல் அகலம், அடுத்த இடைவெளி என்று தனித்தனியாக அளந்து கூட்டுவது ஆபத்து. ஒவ்வொன்றிலும் 5 மில்லிமீட்டர் தவறினால் பத்துத் துண்டில் 5 சென்டிமீட்டர் சேர்ந்துவிடும். தொடர்ந்து படித்தால் ஒரு தவறு ஒரே இடத்தோடு நிற்கும்.

மூலைகளில் தூக்குக்குண்டு விட்டுச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று குறியுங்கள். இறவாரத்தின் கீழிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் இடையே மேலே, நடுவே, கீழே என மூன்று அளவு எடுத்தால் போதும். நட்சத்திர வடிவிலோ எஸ் வடிவிலோ இரும்புத் தகடு சுவரில் தெரிந்தால் அது அலங்காரம் மட்டுமல்ல. பின்னால் ஒரு இழுப்புக் கம்பி இருக்கிறது, அந்தச் சுவர் ஒரு காலத்தில் வெளியே தள்ளியிருக்கலாம். அங்கே தூக்குக்குண்டைக் கட்டாயம் விடுங்கள்.

7. அறைகள்: மூலைவிட்டம் இல்லாத அளவு செல்லாது

ஒவ்வோர் அறைக்கும் நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் எடுங்கள். நான்கு பக்கத்தை மட்டும் வைத்து வரைந்தால் அறை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும்.

ஓர் அறை 5 மீட்டருக்கு 4 மீட்டர் என்று வையுங்கள். மூலைகள் சரியான செங்கோணமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 6.40 மீட்டர் வரும். உங்களுக்கு ஒன்று 6.35, மற்றது 6.46 வந்தால் அறை ஏறத்தாழ ஒரு டிகிரி கோணல். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் 4 மீட்டர் சுவரில் அது 7 சென்டிமீட்டர் விலகல். பின்கட்டைக் கொண்டு வந்து முன்வீட்டோடு சேர்க்கும்போது படம் ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

லேசர் மீட்டர் இங்கே நன்றாகக் கை கொடுக்கும், ஆனால் ஸ்கர்ட்டிங் பலகை, சுவர் அலமாரி, திரைச்சீலைக் கம்பி எதில் பட்டுத் திரும்புகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மொபைலில் அறையை ஸ்கேன் செய்து படம் எடுக்கும் செயலிகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பினால் சுவரை ஒரு முறைகூடத் தொடாமல் வேலை முடிந்துவிடும், பிறகு சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது.

8. சுவர்க் கனம்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். எனக்குத் தெரிந்து ஒரு பழைய வீட்டைப் பற்றி அதிகம் சொல்வது இதுதான்.

கனத்தை வாசலிலும் ஜன்னலிலும் அளப்பது எளிது. வெளிமுகத்திலிருந்து நிலைவரை, நிலையின் கனம், நிலையிலிருந்து உள்முகம்வரை. உள்பூச்சின் கனத்தைக் கழிக்க வேண்டும். ஸ்விட்ச் பெட்டி, உடைந்த மூலை போன்ற இடங்களில் பூச்சின் விளிம்பு தெரியும்.

செங்கல் சுவர் எந்த அளவில் வேண்டுமானாலும் இருக்காது. ஒரு கல் கனம், அதாவது ஒரு செங்கல்லின் நீளம், என்றால் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர், ஒன்றரைக் கல் என்றால் 33 முதல் 34, இரண்டு கல் என்றால் 45 அளவில் வரும். தரைத்தளத்தில் ஒன்றரைக் கல்லும் மாடியில் ஒரு கல்லுமாக இருப்பதும் உண்டு. சுவர் மெலியும் அந்தப் படிமேல் மாடியின் தளச் சட்டங்கள் உட்கார்ந்திருக்கும்.

உங்கள் அளவு இந்த எண்களுக்கு இடையில் விழுந்தால் நின்று யோசியுங்கள். 28 வந்தால் உள்ளே மரச்சட்டம் அடித்து அதன்மேல் பூசியிருக்கலாம், அல்லது நடுவே காற்று இடைவெளி விட்ட பிற்காலச் சுவராக இருக்கலாம். 12 வந்தால் அது அரைக்கல் சுவர். மரக் கட்டமைப்புக்கு வெளியே செங்கலைப் போர்த்திய வீடாக இருக்கக் கூடும்.

அடுத்தது கூட்டல் கணக்கு. வெளிநீளத்திலிருந்து அறைகளின் உள்நீளங்களையும் சுவர்க் கனங்களையும் கழியுங்கள். மீதி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். அறுபது எழுபது சென்டிமீட்டர் காணாமல் போனால் முதலில் அளவைத் திரும்ப எடுங்கள். அப்படியும் காணவில்லை என்றால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது. அடைத்த கணப்பு, பூசி மூடிய அலமாரி, பாதியில் வெட்டிய மாடிப்படி. இரண்டு தளங்களின் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மேலே அதே இடத்தில் சுவர் தடித்திருந்தால் அது புகைப்பாதை.

உள்சுவர் ஒன்று வெளிச்சுவர் அளவுக்குத் தடிமனாக இருந்தால் அதுவே ஒரு காலத்தில் வெளிச்சுவராக இருந்திருக்கலாம். முன்வீட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் இதை எப்போதும் சோதியுங்கள். அதில் ஒரு ஜன்னல் அலமாரியாக மாறியிருப்பது அடிக்கடி காணக் கிடைக்கும்.

9. செங்கல்லைப் படிப்பது

இனிதான் கல்லுக்கு வருகிறோம். இதை முதல் நாளே செய்ய ஆசை வரும். தளப்படம் இல்லாமல் செய்தால் நீங்கள் பார்க்கும் சுவர் எந்தக் கட்டைச் சேர்ந்தது என்றே தெரியாமல் குறிப்பெழுதுவீர்கள்.

கட்டு முறை. நீளப் பக்கம் தெரியும் கல் ஸ்ட்ரெச்சர், முனைப் பக்கம் தெரியும் கல் ஹெட்டர். ஒரு வரி முழுக்க ஸ்ட்ரெச்சர், அடுத்த வரி முழுக்க ஹெட்டர் என்றால் இங்கிலீஷ் பாண்டு. ஒரே வரியில் இரண்டும் மாறி மாறி வந்தால் பிளெமிஷ் பாண்டு. ஐந்து முதல் ஏழு வரி ஸ்ட்ரெச்சருக்கு ஒரு வரி ஹெட்டர் என்றால் அமெரிக்காவில் பரவலாக உள்ள காமன் பாண்டு. முகப்பில் பிளெமிஷும் மற்ற பக்கங்களில் காமனும் இருந்தால் அது இரண்டு காலத்துக் கட்டுமானம் என்று உடனே எழுதாதீர்கள். முகப்புக்கு மட்டும் கூடுதல் உழைப்பைப் போடுவது வழக்கமாக இருந்தது. மூலையில் இரண்டு சுவரின் வரிகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் போகின்றனவா என்று பாருங்கள். பின்னியிருந்தால் ஒரே காலம்.

ஹெட்டரே தென்படாமல் முழுச் சுவரும் ஸ்ட்ரெச்சராக இருந்தால் சந்தேகப்படுங்கள். சுவரின் முன்னும் பின்னும் பிணைக்கும் கல் வெளியே தெரியவில்லை என்று பொருள். எட்டாவது படியில் எடுத்த கனத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல்லின் அளவு. ஒரு கல்லை அளந்து எழுதுவதில் பயன் இல்லை. கையால் அறுத்துச் சூளையில் சுட்ட கல் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. பத்துக் கல்லாவது அளந்து சராசரி எழுதுங்கள். அதைவிடப் பயனுள்ளது நான்கு வரியின் மொத்த உயரம், மூட்டுகளோடு சேர்த்து. ஒவ்வொரு சுவரிலும் மூன்று நான்கு இடத்தில் எடுங்கள். முன்வீட்டில் நான்கு வரி 29 சென்டிமீட்டரும் பின்கட்டில் 31-ம் வந்தால் கல்லோ கட்டிய கையோ வேறு. கல்லின் அளவை மட்டும் வைத்து வருஷம் சொல்லக் கூடாது. பிரிட்டனில் 1784 முதல் 1850 வரை செங்கல்லுக்கு எண்ணிக்கைப்படி தீர்வை இருந்தது, அதனால் சிலர் பெரிய கல்லாக அறுத்தார்கள். வேறு ஊரில் அந்த அளவுக்கு அந்த அர்த்தம் கிடையாது.

கல்லின் முகம். மடிப்பும் சுருக்கமும், விளிம்பு மழுங்கலும் இருந்தால் கையால் அச்சில் போட்டது. விளிம்பு கத்தி போல் கூர்மையாக, முகம் வழவழப்பாக, எல்லாக் கல்லும் ஒரே நிறத்தில் இருந்தால் எந்திரக் கல். கம்பியால் அறுத்த கல்லில் மெல்லிய இணைகோடுகள் தெரியும்.

மூட்டு. ஊசியால் மெதுவாகக் கீறிப் பாருங்கள், வீட்டுக்காரர் அனுமதித்த, கண்ணில் படாத இடத்தில் மட்டும். சுண்ணாம்புக் கலவை பொடியாக உதிரும், உள்ளே வெள்ளைக் கட்டிகள் தெரியும். சிமெண்ட் ஊசியை வழுக்கிவிடும், சாம்பல் நிறம். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் உரிமம் பெற்றது 1824-இல். ஆனால் அது கிராமத்துக் கொத்தனார் கைக்கு வர வெகுகாலம் ஆனது. ஆகவே பழைய மென்மையான கல்லுக்கு நடுவே கடினமான சிமெண்ட் மூட்டு இருந்தால் அது பெரும்பாலும் பின்னால் செய்த பாயிண்டிங், அதாவது மூட்டுகளின் வெளிப்பக்கத்தைப் புதுக் கலவையால் நிரப்பியது. அந்தச் சுவரில் மூட்டு முழுசாக நிற்க, கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். ஈரம் மூட்டு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வெளியேறுகிறது. உறையும்போது கல்தான் உடைகிறது. எந்தெந்த இடம் என்று படத்தில் வண்ணப் பென்சிலால் நிரப்புங்கள். பழுதுவேலைக்கு இதைவிடப் பயனுள்ள தாள் இருக்காது.

தையல் கோடு. மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக ஓடும் செங்குத்து மூட்டைத் தேடுங்கள். வரிகள் அந்தக் கோட்டில் வந்து நின்று, மறுபக்கம் வேறு உயரத்தில் தொடர்ந்தால் அங்கே ஒரு கட்டு முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. பழைய சுவரின் பக்கம் மூலைக்கான ஒழுங்கான முடிவும், வரிசையாகக் கால்கல் துண்டுகளும் இருக்கும். புதிய சுவர் அதன்மேல் வெறுமனே வந்து முட்டும். எது பழையது என்று இதில் தெரிந்துகொள்ளலாம். வெளுத்துப் போனதோ கறுத்துப் போனதோ சாட்சி அல்ல, அது வெயிலும் மழையும் செய்த வேலை.

10. வாசலும் ஜன்னலும்

ஒவ்வொரு திறப்பின் தலையையும் பாருங்கள். சாய்த்து வெட்டிய கல்லால் கட்டிய தட்டை ஆர்ச், சற்றே வளைந்த ஆர்ச், ஒற்றைப் பாறைக்கல் லிண்டல், மர உத்திரம் என எது என்று குறியுங்கள். ஒரே சுவரில் எல்லாம் ஒரே வகையாக இருக்க, ஒன்று மட்டும் மாறியிருந்தால் அது பின்னால் திறந்ததோ பெரிதாக்கியதோ.

பக்க விளிம்புகளும் பேசும். கட்டும்போதே விட்ட திறப்பின் விளிம்பில் முழுக்கல், அரைக்கல், கால்கல் என்று ஒழுங்கு இருக்கும். பின்னால் உடைத்த திறப்பில் வெட்டுப்பட்ட கல் ஏறுக்குமாறாக நிற்கும், அதைக் கலவை போட்டு மூடியிருப்பார்கள்.

அடைத்த ஜன்னலைக் கண்டதும் பலர் ஜன்னல் தீர்வை என்று எழுதிவிடுகிறார்கள். பிரிட்டனில் 1696 முதல் 1851 வரை அப்படி ஒன்று இருந்தது உண்மை. ஆனால் உள்ளே மாடிப்படியோ புகைப்பாதையோ இருந்ததால், முகப்பின் சமநிலைக்காக ஆரம்பத்திலேயே போலி ஜன்னல் கட்டியதும் உண்டு. அடைப்புக் கல் சுற்றுச் சுவரோடு பின்னியிருந்தால் அங்கே எந்தக் காலத்திலும் ஜன்னல் இல்லை. நேர்மூட்டோடு தனித்து நின்றால் பின்னால் அடைத்தது. தீர்வை நடக்காத நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஜன்னல் சட்டமும் கண்ணாடியும் மாற்ற எளிதானவை, அதனால் அவற்றைச் சுவருக்குச் சாட்சியாக வைக்காதீர்கள்.

11. நிலவறையும் பரணும்

நிலவறையில் அஸ்திவாரத்தைப் பாருங்கள். முன்வீட்டின் கீழ் கருங்கல்லும் பின்கட்டின் கீழ் செங்கல்லும் இருந்தால் ஒன்பதாவது படியின் சந்தேகம் உறுதிப்படும். புகைபோக்கியின் அடித்தளத்தையும் இங்கேதான் காணலாம். மேலே கணப்பே இல்லாத இடத்தில் கீழே பெரிய செங்கல் மேடை இருந்தால், மேலே ஒன்றை எடுத்திருக்கிறார்கள்.

பரணில் பூச்சு இல்லை, யாரும் அழகுபடுத்தவில்லை. கைமரங்களின் அளவு, இடைவெளி, அவை முகட்டில் ஒன்றோடொன்று சேரும் விதம் ஆகியவற்றைக் குறியுங்கள். மரத்தில் ரோமன் எண்கள் போல் கீறியிருந்தால் அது தச்சரின் சேர்ப்புக் குறி. எண்கள் வரிசையாகப் போகின்றனவா என்று பாருங்கள். வரிசை குலைந்திருந்தால் கூரையைக் கழற்றி மறுபடி ஏற்றியிருக்கலாம், அல்லது வேறு கட்டடத்து மரம் வந்திருக்கலாம்.

ரம்ப அடையாளம் முக்கியம். மேலும் கீழும் போன ரம்பம் இணையான நேர்கோடுகளை விடும், வட்ட ரம்பம் வில்வளைவுக் கோடுகளை விடும். வட்ட ரம்பம் கிராமத்து அறுவை ஆலைகளில் பரவியது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில். ஆணியையும் பாருங்கள். நான்கு பக்கமும் கூர்ந்து, தலையில் சுத்தியல் முகங்கள் தெரிந்தால் கொல்லர் அடித்தது. இரண்டு பக்கம் மட்டும் கூர்ந்து மற்ற இரண்டு பக்கம் இணையாக இருந்தால் தகட்டில் வெட்டியது, அமெரிக்காவில் 1790-கள் முதல். உருண்டையான கம்பி ஆணி அங்கே 1890-களில்தான் மற்றதை ஓரங்கட்டியது.

இதிலும் ஓர் எச்சரிக்கை. பண்ணையில் எதையும் எறிய மாட்டார்கள். இடித்த கொட்டகையின் உத்திரம் வீட்டுக் கூரையில் ஏறியிருக்கும். எதையும் தாங்காத வெற்றுப் பள்ளமும் பொருந்தாத துளையும் மரத்தில் இருந்தால் அது மறுபயன். அதன் வயது வீட்டின் வயது அல்ல.

கூம்புச் சுவரின் உள்முகத்தை மறக்காமல் பாருங்கள். கூரையை உயர்த்தியிருந்தால் பழைய கூரையின் சாய்வு செங்கல்லில் ஒரு கோடாக அப்படியே இருக்கும். முன்வீட்டின் வெளிச்சுவர் பின்கட்டின் பரணுக்குள் சிக்கியிருக்கும் இடமும் அப்படித்தான். மழை வெயில் படாத பழைய முகம், சில சமயம் பழைய வண்ணத்தோடு அங்கே கிடைக்கும்.

12. எது முதலில், எது பின்னால்

இப்போது தளப்படத்தின் ஒரு நகலை எடுத்து, ஒவ்வொரு சுவருக்கும் வண்ணம் கொடுங்கள். வருஷம் எழுத வேண்டாம். அ, ஆ, இ என்று மட்டும். ஆ என்பது அ-வின் மேல் வந்து முட்டுகிறது, ஆகவே பிந்தியது. இப்படி ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் சாட்சியை எழுதுங்கள்: தையல் கோடு, கனம், நான்கு வரி உயரம், ஆணி.

வரிசை நிலைத்த பிறகுதான் பழைய புகைப்படம், பத்திரம், வரைபடம் எல்லாம். ஆவணத்தில் உள்ள வருஷம் நிலம் கைமாறிய வருஷமாக இருக்கலாம், இதே இடத்தில் முன்பு நின்ற மரவீட்டைக் குறிப்பதாகவும் இருக்கலாம். சுவரில் பதித்த ஆண்டுக்கல்லுக்கும் இது பொருந்தும். அதைச் சுற்றியுள்ள கல் கலைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வருஷம் எழுதும்போது "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்பதையும் "இந்தக் காலத்தைச் சேர்ந்தது" என்பதையும் பிரித்து எழுதுங்கள். கம்பி ஆணி முதல் வகைச் சாட்சி. அது பழைய சுவரில் பின்னால் அடித்ததாகவும் இருக்கலாம்.

13. வரைந்து வைப்பது

அளந்த அன்றே இரவு சுத்தப் படத்தைத் தொடங்குங்கள். மறுநாள் திரும்பிப் போக முடியும் என்றால்தான் விட்டுப்போன அளவு கிடைக்கும். தளப்படத்துக்கு 1:50, ஆர்ச், மூட்டு போன்ற நுணுக்கங்களுக்கு 1:10 வசதியான அளவு. அமெரிக்காவில் 1933 முதல் இயங்கும் வரலாற்றுக் கட்டட அளவைத் திட்டத்தின் படங்களில் ஓர் அடிக்குக் கால் அங்குலம், அதாவது 1:48 என்பதைக் காணலாம்.

முதலில் வெளிச்சுற்று, அடுத்து சுவர்க் கனம், அடுத்து மூலைவிட்டத்தால் பொருத்திய அறைகள். பொருந்தவில்லை என்றால் கோட்டை இழுத்து நேராக்காதீர்கள். கோணலாக உள்ள வீட்டைக் கோணலாகவே வரையுங்கள்.

போக முடியாத இடம், கணித்து எழுதிய அளவு இரண்டையும் விட்டுவிட்டுப் போட்ட கோட்டால் காட்டுங்கள். ஒவ்வொரு தாளிலும் வடக்கு, அளவுக்கோடு, தேதி, அளந்தவர் பெயர் வேண்டும். வயலில் எழுதிய கைப்படங்களை, சேறு பட்டிருந்தாலும், எறியாமல் சுத்தப் படத்தோடு சேர்த்து வையுங்கள். ஒரு நகல் வீட்டுக்காரருக்கு, ஒரு நகல் பக்கத்து ஆவணக் காப்பகத்துக்கு.